உன்னை ஏன் அழைத்து வரவில்லை

சுகன்யா,

நான் கூப்பிட்டால் போனை எடுக்க மாட்டாய் என்று தெரிந்துவிட்டது. அதனால்தான் எழுதுகிறேன். "நாலு நாள் விடு, தானா பேசுவா" என்கிறார் உன் அப்பா. அவருக்கு எல்லாமே தானாக நடக்கும். எனக்குத்தான் எதற்கும் காத்திருக்க முடியாது. பஸ் வருவதற்கு வெகுநேரம் முன்பே மீன்சுருட்டி ஸ்டாப்பில் போய் நின்றுகொண்டு உன்னையும் வெயிலில் நிறுத்தி வைப்பேன். "எங்கம்மா டிப்போவுக்கே போயி பஸ்ஸ எழுப்பிக் கூட்டிட்டு வருவாங்க" என்று உன் காலேஜ் பிள்ளைகளிடம் சொல்லிச் சிரிப்பாய். நானும் சிரிப்பேன். எனக்கு ஏன் காத்திருக்க முடியாது என்று நீ கேட்டதில்லை, நான் சொன்னதும் இல்லை. இப்போது சொல்லப் போகிறேன். கோபத்தோடே படி, பரவாயில்லை. ஆனால் கடைசி வரைக்கும் படித்துவிடு.

உன் வளைகாப்பு அன்றைக்கு நான் செய்தது தப்புதான் என்று பெரம்பலூரில் உன் மாமியார் வீட்டுக்கு வந்திருந்த எல்லோரும் நினைத்திருப்பார்கள். ஒன்பதாம் மாதம் வளையல் போட்டுப் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துப்போக வந்தவள், பந்தி முடிந்து எல்லோரும் வெற்றிலை போடும் நேரத்தில் பெண்ணை விட்டுவிட்டுப் போகிறேன் என்றால் யாருக்குத்தான் கோபம் வராது? உன் நாத்தனார் நல்ல மனசோடுதான் கேட்டாள். "என்ன அத்தை, எந்நேரத்துக்குக் கெளம்பறீங்க? ராவுகாலத்துக்கு முன்னாடி வண்டி ஏறிடுங்க" என்றாள். நான், "சுகன்யாவ அழைச்சிட்டுப் போகலம்மா. இங்கயே இருக்கட்டும்" என்றேன். அவ்வளவுதான். ஏன் என்று சொல்ல வாய் வரவில்லை. உன் முகத்தைப் பார்த்தேன். பெட்டி கட்டி வாசல் பக்கம் வைத்திருந்தாய். கை நிறைய வளையலோடு என்னைக் கை கழுவுகிற இடத்துக்கு இழுத்துப்போய், "அண்ணனாலதான? அவனப் பாக்கறதுக்கே நேரம் சரியா இருக்கு, நான் வேற எதுக்குன்னுதான?" என்று கேட்டாய். "எனக்கு ஒரே ஒரு தடவையாச்சும் அம்மா வேணும்மா" என்றாய். நான் காரில் ஏறி வந்துவிட்டேன். அன்றிலிருந்து நீ பேசவில்லை.

உன்னை அழைத்துப் போகத்தான் வந்தேன், சுகன்யா. தெற்குப் பக்கத்து அறைக்கு உன் அப்பா வெள்ளை அடித்தார். புதுக் கொசுவலை வாங்கினோம். குளிக்கிற இடத்தில் வழுக்கக்கூடாது என்று சொரசொரப்பான கல் பதித்தோம். நீ சாய்ந்து படுத்துக்கொண்டு வர வசதியாக இருக்கட்டும் என்று பெரிய வண்டியாகச் சொல்லியிருந்தேன். காலையில் கிளம்பும்போது எனக்கு இருந்த சந்தோஷத்தைச் சொன்னால் நீ நம்ப மாட்டாய். ஜெயங்கொண்டம் வரை உன் அப்பாவிடம் வாய் ஓயாமல் பேசிக்கொண்டு வந்தேன். உடையார்பாளையம் தாண்டி, ரெட்டிபாளையத்துப் பக்கம் வந்ததும் வண்டி நின்றுவிட்டது. முன்னால் சிமெண்ட் லாரிகளும் சுண்ணாம்புக்கல் லாரிகளும் கண்ணுக்கு எட்டின தூரம் வரை நின்றன. எங்கேயோ ஒரு லாரி குறுக்கே திரும்பி மாட்டிக்கொண்டதாம். டிரைவர் பையன் இன்ஜினை அணைத்துவிட்டு, "இந்த ரோட்ல இது தெனமும் நடக்கறதுதாங்க. எப்ப உடுவான்னு சொல்ல முடியாது" என்று சாவகாசமாகக் கையைக் கட்டிக்கொண்டான்.

நான் பின் சீட்டைத் திரும்பிப் பார்த்தேன். அதில் உனக்காகத் தலையணை போட்டு வைத்திருந்தேன். திரும்பி வரும்போது அந்தத் தலையணையில் நீ இருப்பாய். அல்லது இன்னும் மூன்று வாரம் கழித்து, வலி எடுத்தபின், இதே ரோட்டில், இதே லாரிகளுக்குப் பின்னால், ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் இருப்பாய். அந்த நினைப்பு வந்ததும் கதவைத் திறந்துகொண்டு இறங்கி ரோட்டோரமாக நின்றேன். "என்னா, வாந்தி வருதா?" என்று உன் அப்பா தண்ணீர் பாட்டிலோடு வந்தார். எந்த இடத்தில் நிற்கிறோம் என்று அவருக்கும் அப்போதுதான் உறைத்தது. பாட்டிலை என் கையில் கொடுத்துவிட்டுக் கூடவே நின்றார். உன்னை அழைத்து வரக்கூடாது என்று நான் முடிவு செய்தது அங்கேதான். உன் வீட்டிலிருந்து ஆட்டோவில் ஏறினால் பேசி முடிப்பதற்குள் பெரிய ஆஸ்பத்திரி வந்துவிடும். எங்கள் முந்திரிக்காட்டு வீட்டில் உனக்கு ராத்திரி ஒன்று என்றால் வண்டி பிடிப்பதே பெரிய காரியம். தாய்வீட்டுப் பிரசவம் என்கிற பெயருக்காக உன்னை இங்கே கொண்டுவந்து வைத்துக்கொள்ள எனக்குத் துணிச்சல் இல்லை.

உன் அண்ணன் முத்து பிறந்த கதையை உனக்கு இரண்டு வரியில்தான் சொல்லியிருக்கிறோம். "பொறக்கறப்ப மூச்சுத் திணறிடுச்சு, அதனால இப்படி ஆயிட்டான்." கேட்கிற எல்லோருக்கும் இதையேதான் சொல்லி வைத்திருக்கிறோம். நீயும் பள்ளிக்கூடத்தில் இதைத்தான் சொல்லியிருப்பாய். மீதியை நான் யாரிடமும் சொன்னதில்லை.

எனக்கு ரெட்டிபாளையம்தானே பிறந்த வீடு. என் அப்பாவுக்கு அங்கே சிமெண்ட் ஃபேக்டரியில் வேலை. முதல் பிரசவத்துக்கு என்னை மீன்சுருட்டியிலிருந்து அங்கே அழைத்துப் போயிருந்தார்கள். சித்திரை வெயில். காலையிலேயே வலி எடுத்துவிட்டது. டவுனில் ஒரு சின்ன ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். இப்போது அது இல்லை, இடித்துக் கடைகள் கட்டிவிட்டார்கள். மதியம் வரைக்கும் வலி வந்துகொண்டே இருந்தது, பிள்ளை இறங்கவில்லை. டாக்டரம்மா என் வயிற்றில் குழாய் வைத்துக் கேட்டுவிட்டு வெளியே போனார். கதவு சாத்தவில்லை. அவர் பேசியது எனக்கு ஒரு வார்த்தை விடாமல் கேட்டது. "கொழந்தையோட துடிப்பு கொறைய ஆரம்பிச்சிருக்கு. உடனே ஆபரேஷன் பண்ணணும். கையெழுத்துப் போடுங்க." என் அப்பா சொன்னார்: "அவங்க வூட்ல ஒரு வார்த்த கேட்டுக்கறேங்க."

அவர் கெட்டவர் இல்லை. என்மேல் உயிரையே வைத்திருந்தார். ஆனால் பிரசவச் செலவு பெண்ணைப் பெற்றவர்களுடையது, பெண் கட்டிக்கொடுத்த வீட்டாருடையவள் என்று அவர் மனசில் பதிந்து கிடந்தது. சம்பந்தி வீட்டுப் பெண் வயிற்றில் அவர்களைக் கேட்காமல் கத்தி வைக்கச் சொல்ல நாம் யார் என்று நினைத்தார். ஒன்று கிடக்க ஒன்று ஆகிவிட்டால் அவர்கள் முகத்தில் எப்படி முழிப்பது என்று பயந்தார். மீன்சுருட்டியில் உன் அப்பாவுக்குத் தெரிந்த ஒரு உரக்கடையில்தான் போன் இருந்தது. அதற்குப் போன் போட்டார்கள். கடைக்காரர் ஆளை அனுப்பினார். உன் அப்பாவும் அவருடைய அப்பாவும் முந்திரிக்கொட்டை பொறுக்கக் காட்டுக்குள் போயிருந்தார்கள். ஆள் போய்த் தேடிப் பிடித்து, அவர்கள் பஸ் பிடித்து, ஜெயங்கொண்டத்தில் இறங்கி இன்னொரு பஸ் மாறி வந்தார்கள். அவ்வளவு நேரமும் நான் மல்லாந்து படுத்துக்கொண்டு விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெளியே என் அப்பா நடந்துகொண்டே இருந்தார். அவர் செருப்புச் சத்தமும் ரோட்டில் லாரி போகிற சத்தமும் மாறி மாறிக் கேட்டன. டாக்டரம்மா இரண்டு தடவை வெளியே போய்ச் சத்தம் போட்டார். "இன்னும் கொஞ்ச நேரந்தாங்க, வந்துகிட்டே இருக்காங்க" என்றுதான் ஒவ்வொரு தடவையும் பதில் வந்தது.

எனக்கு அப்போது இருபது வயது. நன்றாகப் படிக்கத் தெரியும், எழுதத் தெரியும். என் வயிறு, என் பிள்ளை. ஆனால் அந்தக் காகிதத்தை என்னிடம் கொண்டுவந்து நீட்ட வேண்டும் என்று அங்கே ஒருவருக்கும் தோன்றவில்லை. கேட்டு வாங்கிப் போட வேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை. அவர்கள் வரட்டும் என்றுதான் நானும் கிடந்தேன்.

அவர்கள் வந்தார்கள். உன் அப்பாவின் அப்பா வேர்த்து விறுவிறுத்து உள்ளே நுழைந்ததும் என் அப்பா கையைக் கட்டிக்கொண்டு விஷயத்தைச் சொன்னார். அதற்கு அவர் சொன்னதும் என் காதில் விழுந்தது. "இத எங்களக் கேக்கணுமா சம்பந்தி? பொண்ணு உசுரு, புள்ள உசுரு. நீங்களே போட்டுருக்க வேண்டியதுதான?" எங்களில் ஒருவர்கூட வேண்டாம் என்று சொல்லவில்லை பார்த்துக்கொள். எல்லோரும் சரி என்றுதான் சொல்லியிருப்பார்கள். ஒருவருக்கொருவர் மரியாதை கொடுப்பதற்காகக் காத்திருந்தோம்.

முத்து அழவில்லை. நீலம் பூத்துத் துவண்டு கிடந்தானாம். மூக்கில் குழாய் வைத்து உறிஞ்சி, காற்றை அழுத்தி அழுத்திக் கொடுத்து, ரொம்ப நேரம் கழித்து மூச்சு வந்ததாம். அன்றைக்கே வேனில் போட்டுத் தஞ்சாவூருக்குக் கொண்டுபோய்க் கண்ணாடிப் பெட்டியில் வைத்தார்கள். வழியிலேயே வலிப்பு வந்துவிட்டது. நான் தையலோடு டவுன் ஆஸ்பத்திரியில் கிடந்தேன், பிள்ளை அங்கே கிடந்தான். "மூளைக்கு ஆக்சிஜன் பத்தாம போயிருக்கும்மா. எந்த அளவுக்குன்னு போகப் போகத்தான் தெரியும்" என்று பின்னால் அங்கே ஒரு டாக்டர் சொன்னார். போகப் போக என்று அவர் சொன்ன அந்த வார்த்தையோடுதான் நான் முப்பது வருஷமாகக் குடும்பம் நடத்துகிறேன்.

மூன்றாம் மாதம் தலை நிற்கவில்லை. கையை மூடின மூடியாகவே வைத்திருந்தான். பால் குடித்தால் புரையேறும். ஒரு வயதுக்கு மேல் ஒரு பொருளைப் பார்த்து ஆசைப்பட்டுக் கையை நீட்டினால் கை இன்னொரு பக்கம் போகும், முகம் கோணும், உடம்பு முழுக்க முறுக்கிக்கொள்ளும். ஆசை எவ்வளவு அதிகமோ அவ்வளவு முறுக்கும். பிள்ளைக்கு ஒன்றும் புரியாது என்று ஊரே முடிவு கட்டிவிட்டது. நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நினைத்தேன். அவனுக்கு எல்லாம் புரியும் என்று கண்டுபிடித்தது நீதான். நீ ஒன்றாம் வகுப்போ இரண்டாம் வகுப்போ படிக்கும்போது அவன் பக்கத்தில் உட்கார்ந்து சத்தம் போட்டுக் கணக்குப் போடுவாய். ஒரு நாள் ஓடிவந்து, "அம்மா, நான் தப்பா கூட்டுனா அண்ணன் சிரிக்கறான்" என்றாய். நான் நம்பவில்லை. நீ என் கண் முன்னால் வேண்டுமென்றே தப்பாகச் சொல்லிக் காட்டினாய். அவன் உடம்பு குலுங்கச் சிரித்தான். நீ இன்றைக்குக் கணக்கு டீச்சர், உன் முதல் மாணவன் உன்னைவிடக் கெட்டிக்காரன் என்பதை உன் வகுப்பில் சொல்லிவிடாதே. அவன் இழுத்து இழுத்துப் பேசுவது எங்கள் எல்லோருக்கும் புரிவதற்கு முன்பே உனக்குப் புரிந்தது. உன் அப்பாகூட, "இவன் என்னமோ சொல்றான், சுகன்யாவக் கூப்புடு" என்றுதான் குரல் கொடுப்பார்.

நீ உண்டானபோது நான் மாறிப்போயிருந்தேன். தஞ்சாவூரில்தான் பெறுவேன் என்றேன், கையெழுத்து நான்தான் போடுவேன் என்றேன். திமிர் பிடித்தவள் என்று இரண்டு வீட்டிலும் பெயர் வாங்கினேன். நீ வெளியே வந்ததும் போட்ட கூச்சலில் நர்ஸம்மா காதைப் பொத்திக்கொண்டாள். அப்போதாவது நான் சந்தோஷப்பட்டேனா என்றால், இல்லை. உன்னை மடியில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டே இருந்தேன். கழுத்து நிற்கிறதா, கையை விரிக்கிறாளா, கூப்பிட்டால் திரும்புகிறாளா என்று தேடிக்கொண்டே இருந்தேன். மற்ற வீடுகளில் பிள்ளை குப்புறக் கவிழ்ந்தால் கொழுக்கட்டை அவித்துத் தெருவுக்கே கொடுப்பார்கள். நீ கவிழ்ந்த அன்றைக்கு நான் கொல்லைப்பக்கம் போய் அழுதேன். உனக்காக இல்லை. அது எவ்வளவு சுலபமாக நடக்கக்கூடியது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது, அதற்காக.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நீ முதன்முதலில் நடந்ததை உன் அப்பாகூடப் பார்க்கவில்லை, நான் மட்டும்தான் பார்த்தேன். கூடத்தில் தூணைப் பிடித்துக்கொண்டு நின்ற நீ கையை விட்டுவிட்டு என்னைப் பார்த்து வந்தாய். பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு வந்தாய். முத்து பாயில் படுத்தபடி உன்னையே பார்த்துக்கொண்டிருந்தான். எனக்கு என்ன ஆயிற்றோ, ஓடிப்போய் உன் தோளைப் பிடித்து அழுத்தி உட்கார வைத்துவிட்டேன். நீ மறுபடி எழுந்தாய். மறுபடியும் உட்கார வைத்தேன். நீ வீறிட்டு அழுதாய். கொஞ்ச நாள் வரைக்கும் அவன் தூங்கும்போதுதான் உன்னை நடக்கவிட்டேன். நீ நடப்பதைப் பார்த்தால் அவன் மனசு என்ன பாடுபடுமோ என்று நினைத்தேன். உன் மனசு என்ன பாடுபடும் என்று நினைக்கவில்லை. பிறகும் அப்படித்தான் நடந்திருக்கிறது. நீ பரிசு வாங்கினால் மெதுவாகச் சொல்லு என்பேன். உனக்குக் காய்ச்சல் வந்தால் சீக்கிரம் சரியாகிவிடும் என்பேன். ஒரே ஒரு தடவையாவது அம்மா வேண்டும் என்று நீ கேட்டது எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். நீ கேட்டதில் நியாயம் இருக்கிறது.

முத்துவுக்குக் கை கால் பயிற்சி கொடுக்கத் தஞ்சாவூருக்கு அழைத்துப்போய்க்கொண்டிருந்த காலத்தில் அங்கே ஒரு வயசான டாக்டரிடம் ஒரு நாள் கேட்டுவிட்டேன். "அன்னைக்கு அவ்வளவு நேரம் காத்திருக்காம இருந்திருந்தா இவன் நல்லா இருந்திருப்பானா சார்?" அவர், "இருந்திருக்கலாம். இல்ல, வயித்துக்குள்ளயே முன்னாடி ஏதாவது நடந்து, அதனாலதான் துடிப்பு கொறஞ்சிருக்கலாம். யாராலயும் இதான்னு சொல்ல முடியாதும்மா" என்றார். எனக்கு ஆறுதல் சொல்வதாக நினைத்துத்தான் சொன்னார். ஆனால் அதிலிருந்துதான் எனக்குத் தொல்லை அதிகமானது. அதனால்தான் என்று தெரிந்திருந்தால் என் அப்பாவைத் திட்டித் தீர்த்திருப்பேன், அழுதிருப்பேன், ஒரு வழியாக முடிந்திருக்கும். அதனால் இல்லை என்று தெரிந்திருந்தால் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். இரண்டும் இல்லாததால் அந்த மதியம் எனக்கு முடியவே இல்லை. அடுப்பில் உலை கொதிக்கட்டும் என்று நிற்கும்போது வரும். ரேஷன் கடை வரிசையில் நிற்கும்போது வரும். யாராவது "இரு, அவங்க வந்துடட்டும்" என்று சொல்லிவிட்டால் போதும், அந்தச் செருப்புச் சத்தம் கேட்க ஆரம்பித்துவிடும். என் அப்பா சாகும் வரைக்கும் முத்துவைத் தூக்கியதில்லை. தூரத்தில் நின்று பார்த்துவிட்டுப் போய்விடுவார். நாங்கள் இரண்டு பேரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொள்ளாமலே அவர் போய்ச் சேர்ந்துவிட்டார்.

அதனால் உனக்கு நான் சொல்ல வேண்டியது ஒன்றுதான். பிரசவ அறையில் உன்னிடம் ஏதாவது கேட்டால் நீயே பதில் சொல். உன்னிடம் கேட்கவில்லை என்றால் நீயே கூப்பிட்டுக் கேள். மாப்பிள்ளை தங்கமானவர், உன் மாமியார் நல்லவர், எல்லாம் சரி. என் அப்பாவும் தங்கமானவர்தான். யார் முகத்தையும் பார்க்காதே, என் முகத்தையும் பார்க்காதே. பேனாவை வாங்கிக் கையெழுத்தைப் போட்டுவிட்டு அப்புறம் மரியாதையைப் பார். அப்படி எல்லாம் சரியாகச் செய்தும் ஏதாவது ஒன்று ஆகலாம், அதையும் சொல்லாமல் விட்டால் நான் பொய் சொன்னவள் ஆவேன். அப்படி ஆனால் என்னைப் போல உன்னை நீயே தின்று தீர்க்காதே. முத்துவைப் பெற்றதற்காக நான் ஒரு நாளும் வருத்தப்பட்டதில்லை. அவன் இல்லாத வீட்டை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. நான் வருத்தப்படுவது அன்றைக்கு நாங்கள் சும்மா காத்துக் கிடந்ததற்காக மட்டும்தான்.

நேற்று உன் மாமியாருக்குப் போன் போட்டேன். "சம்பந்தி, சுகன்யாவ நான் அழைச்சிட்டு வரல. அதுக்குப் பதிலா நான் அங்க வந்து தங்கிக்கட்டுமா?" என்று கேட்டேன். பெண்ணைக் கொடுத்த வீட்டில் தாய் போய்ப் படுத்துக்கொள்வது நம் பக்கம் கேள்விப்படாத விஷயம். அந்தம்மா, "வாங்களேன். மாடி ரூம் சும்மாத்தான கெடக்கு. ஊருல நாலு பேரு பேசுவாங்க, பேசிட்டுப் போறாங்க" என்றார். உன் அப்பாவிடம் சொன்னேன். "போயிட்டு வா. முத்துவ நான் பாத்துக்கறேன். எனக்கு சோறு ஊட்டத் தெரியாதா?" என்றார். அவனைக் கண்ணாடிப் பெட்டியிலிருந்து வாங்கி வந்தபின், உன்னைப் பெறத் தஞ்சாவூர் போனதைத் தவிர, முப்பது வருஷத்தில் முத்துவை விட்டு நான் ஒரு ராத்திரிகூட வெளியில் தங்கியதில்லை. வியாழக்கிழமை காலையில் கிளம்பி வருகிறேன். இந்தத் தடவை உனக்காக மட்டும் வருகிறேன்.

இதோடு முடித்துவிடலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் ஒரு பொய்யைத் திருத்த வேண்டியிருக்கிறது. வளைகாப்புக்கு முத்து ஏன் வரவில்லை என்று நீ கேட்டபோது காய்ச்சல் என்றேன். அவனுக்குக் காய்ச்சல் இல்லை. உனக்காக எடுத்த புடவைக்குப் பொருத்தமாக அவனுக்கும் ஒரு சட்டை எடுத்திருந்தோம். காலையில் போட்டுவிடப் போனபோது தலையை ஆட்டி வேண்டாம் என்றான். கூட்டத்துக்கு வெட்கப்படுகிறான் என்று நினைத்து விட்டுவிட்டேன். நேற்று, நான் வியாழக்கிழமை போகப் போவதைச் சொல்லி, "நீயும் வாடா, எல்லாரும் காருலயே போவோம். சுகன்யாவப் பாத்து எத்தன மாசமாச்சு" என்றேன். அவன் உடம்பெல்லாம் முறுக்கிக்கொண்டது. பேச்சு வெளியே வர வெகுநேரம் ஆயிற்று. நான் காத்திருந்தேன். "நான்... வரல. மாசமா... இருக்கறவ... என்னப் பாக்கக் கூடாது. அவ... பயப்படுவா" என்றான்.

இதை எங்கே கேட்டான், யார் அவன் காதுபட இப்படிப் பேசினார்கள் என்று தெரியவில்லை. பக்கத்து வீட்டு மருமகள் உண்டாகியிருந்தபோது அவளை நம் வாசல் பக்கம் வரவிடாமல் சுற்றிக்கொண்டு அழைத்துப் போவார்கள். அது எனக்குத் தெரியும். அவனுக்கும் தெரிந்திருக்கிறது. இத்தனை வருஷம் கழித்து, தான் எதற்காக இப்படி இருக்கிறோம் என்பதைவிட, தன்னைப் பார்த்தால் தன் தங்கைக்கு என்ன ஆகுமோ என்று உட்கார்ந்து யோசித்திருக்கிறான். நீ உண்டான செய்தி வந்ததிலிருந்து நீ வீடியோவில் கூப்பிட்டால் அவன் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டது எனக்கு நேற்றுதான் புரிந்தது. "அப்படியெல்லாம் இல்லடா" என்று சொல்லிப் பார்த்தேன். அவன் நம்பவில்லை. எப்படி நம்புவான்? அந்தப் பயம் என் முகத்திலேயே இருக்கிறது. அந்த லாரிகளுக்கு நடுவே நான் இறங்கி நின்றதும் அதே பயத்தால்தான்.

என்மேல் உள்ள கோபத்தை வைத்துக்கொள், வியாழக்கிழமை வந்து நேரிலேயே வாங்கிக்கொள்கிறேன். ஆனால் அதற்குள் ஒரு தடவை அவனைக் கூப்பிடு. நான் சொன்னால் எடுபடவில்லை, நீ சொன்னால் கேட்பான். பயமில்லை, நீ வா என்று சொல். உனக்கும் உள்ளுக்குள் பயம் இருந்தால் மறைக்காதே. பயமாகத்தான் இருக்கிறது, இருந்தாலும் நீ வந்துதான் ஆக வேண்டும் என்று சொல். பொய் சொன்னால் அவன் கண்டுபிடித்துவிடுவான்.

அம்மா